பக்கத்துல யாரு?

எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் தன் பெயரைச் சொல்வார். பிறகு எங்கிருந்து வருகிறார் என்று சொல்வார், அதன் பிறகு எதற்கு வந்தார் என்று. அன்று காலையில்தான் வந்துபோன அறையாக இருந்தாலும் இந்த வரிசை மாறாது. ஆபரேஷன் தியேட்டர் வாசலிலும் காண்டீன் அடுப்படியிலும் அதே மாதிரிதான்.

"நான் இன்னார். கீழ நெட்வொர்க் ரூம்லேர்ந்து வர்றேன். உங்க பிரிண்டர் மக்கர் பண்ணுதுன்னாங்க, பார்க்க வந்தேன்."

இன்னார் என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் அவருடைய பெயர் வரும். அதை நான் எழுதப்போவதில்லை. ஒருவரின் பெயரை அவரேதான் சொல்ல வேண்டும், அடுத்தவர் சொல்லக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். அவருடைய வேறு சட்டங்களை நான் மீறியிருக்கிறேன். இதையாவது காப்பாற்றுகிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் நான் அவரை 'வா, போ, நீ' என்றுதான் பேசினேன். என் மகள் வயது என்பதால் அப்படி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதே வயதுள்ள டாக்டர்களை 'நீங்கள்' என்றுதான் அழைத்தேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். காலம் கடந்த மரியாதைதான்.

நான் அரசுக் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நிர்வாக அதிகாரியாக இருந்தேன். அதற்குத் திண்டிவனத்தில் ஒரு கிளையும் இருந்தது. இரண்டு இடத்துக் கம்ப்யூட்டர்கள், போன்கள், கேமராக்கள், அவற்றையெல்லாம் இணைக்கும் கம்பிகள் மொத்தமும் அவர் பொறுப்பு. இங்கேயும் அங்கேயுமாகத் தன் ஸ்கூட்டரில் போய்வருவார். ஸ்கூட்டரைவிட அவர் குரல் முன்னால் வந்துவிடும். அவர் போனில் பேசினால், போனைக் காதில் வைத்திருப்பவருக்கு மட்டுமல்ல, எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்.

முதல் நாள் என் அறைக்கு வந்து பெயர் சொன்னார். முகையூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து வருகிறேன் என்றார். வேலையில் சேர வந்தேன் என்றார்.

"முகையூர்ப் பக்கமா? எந்தத் தெரு?" என்று கேட்டேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சர்ச்சுத் தெரு சார். அப்பா அம்மா ரெண்டு பேரும் கூலிக்குக் களை எடுக்கப் போறவங்க. நீங்க கேட்டது அதானே? தெரிஞ்சிதா, இன்னும் எதுனா வேணுமா?"

அவர் ஊர் எனக்கு எதற்கு? நான் அங்கே போகப்போகிறவனா? தெரு தெரிந்தால் ஆள் யார் என்று தெரியும். எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர்கள் கேட்கும் நாகரிகமான கேள்வி அது. நான் சங்கடத்தோடு "சும்மா கேட்டேன்" என்றேன். "நானும் சும்மாதான் சார் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அடக்கமான மனுஷி என்று யாரும் எண்ண வேண்டாம். தற்பெருமை நிறைய உண்டு. "எங்க ஊர்ல மொத இன்ஜினியர் நான்தான். ரெண்டாவது ஆளு இன்னும் பொறக்கல" என்பார். நெட்வொர்க் அறைக்குள் யாரும் டீ கொண்டுவரக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார். அவர் மட்டும் உள்ளே உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துத் தின்றுகொண்டிருப்பார். கேட்டால், "டீ கொட்டினா மெஷின் செத்துடும் சார். மல்லாட்டை கொட்டினா பொறுக்கிக்கலாம்" என்பார்.

கம்பிகள் வந்து கூடும் பெட்டிகளுக்கு சுவிட்ச் என்று பெயர். மாடிக்கு ஒன்றாக அவை இருந்தன. மற்ற இடங்களில் அவற்றுக்கு எண்தான் இருக்குமாம். இவர் ஊர்ப் பெயர் வைத்திருந்தார். மொட்டை மாடிக்குக் கீழே உயரத்தில் இருந்தது பனமலை. வார்டு மாடியில் இருந்தது முகையூர். திண்டிவனத்தில் இருந்தது மயிலம். "எண்ணு வச்சா யாருக்கு சார் ஞாபகம் இருக்கும்? பேரு இல்லாத பொருளும் கேட்பாரில்லாத புள்ளையும் ஒண்ணு" என்பார்.

பௌதிகம் படித்தவனாயிற்றே என்று, இந்தக் கருவிகள் ஒன்றையொன்று எப்படித் தெரிந்துகொள்கின்றன என்பதை ஒரு நாள் எனக்கு விளக்கினார். எல்.எல்.டி.பி. என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு கருவியும் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை தன் கம்பியின் மறுமுனையில் இருக்கும் கருவியிடம் தன்னைப் பற்றிச் சொல்லும். நான் இன்னார், கம்பி செருகியிருக்கும் என்னுடைய இந்தத் துளையிலிருந்து பேசுகிறேன், என்னால் இந்த வேலை செய்ய முடியும் என்று. கேட்ட கருவி அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அடுத்த கருவிக்குக் கடத்தாது. அதன் அடுத்தது யாரென்று தெரிய வேண்டுமானால் அதனிடமே போய்க் கேட்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றிடமும் 'பக்கத்துல யாரு?' என்று கேட்டுக்கொண்டே போனால், முழுக் கட்டடத்தின் வரைபடமும் உட்கார்ந்த இடத்திலேயே கிடைத்துவிடும்.

"சொல்றத நிறுத்திட்டா?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நேரம் பார்க்கும். அப்பறம் பக்கத்துல இருக்கிறது மறந்துடும் சார். நம்மள மாதிரியேதான்." பிறகு விரலை நீட்டிச் சொன்னார். "ஆனா ஒண்ணு. பக்கத்துல எது இருக்குதுன்னுதான் இது சொல்லும். அதுல யாரு பேசினாங்க, இன்னா பேசினாங்கன்னு சொல்லாது. அது நம்ம வேலை இல்ல."

ஒரு முறை கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பில் போடும் கவுண்டர் நின்றுபோனது. வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். மருத்துவமனையை நடத்திய பெரிய டாக்டரின் மருமகன், திண்டிவனத்திலிருந்து வரும் லைன் அறுந்துவிட்டது, போனவாரமே எனக்குத் தெரியும் என்று ஆளுக்கு ஆள் விளக்கிக்கொண்டிருந்தார். இவர் ஓடவில்லை. திரையைப் பார்த்தார். மல்லாட்டைத் தோலைத் துப்பினார்.

"லைனும் அறல, ஒரு மண்ணும் அறல. பனமலைக்குப் பக்கத்துல இருக்கவேண்டிய ஆளு முகையூருக்குப் பக்கத்துல வந்து உக்காந்துகினு இருக்கான். யாருப்பா அங்க பெயிண்ட் அடிக்கிறது?"

பெயிண்டர் ஏணிக்கு இடம் வேண்டும் என்று இரண்டு கம்பிகளைப் பிடுங்கி, மாற்றிச் செருகியிருந்தார். "தெரியாம பண்ணிட்டேங்க்கா" என்று தலையைச் சொறிந்தார். "பரவால்ல. அடுத்த தபா பேரு சொல்லிட்டு உள்ள வா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார் இவர். மருமகனைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அந்த மனிதர் அவ்வளவு சிறுத்திருக்க மாட்டார்.

மனிதர்களிடத்திலும் அவர் இந்த முறையையே வைத்திருந்தார். காண்டீனில் யாராவது 'அந்த லேப்காரப் பொண்ணு இருக்காளே, அவ என்ன பண்ணா தெரியுமா' என்று ஆரம்பித்தால் உடனே கையைத் தூக்கித் தடுப்பார். "உனக்குப் பக்கத்துல இருக்கிறது நானு. என்னப் பத்தித் திட்டு, கேட்டுக்கறேன். அது அடுத்த வூட்டுப் பேச்சு." பேசியவர்களுக்கு முகம் சுண்டிவிடும். இதனால் அவருக்கு நண்பர்கள் குறைவு.

இருந்த ஒரே நெருங்கிய தோழி டயாலிசிஸ் வார்டு நர்ஸ். இரண்டு பேரும் மதியம் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். நர்ஸ் கொண்டுவரும் கேப்பைக் களியை இவர் பிடுங்கித் தின்பார், இவருடைய சோற்றை அந்த நர்ஸ் தின்பார். "உன் களியத் தின்னு தின்னுதான்டி நான் கறுத்துட்டேன்" என்பார். "நீ பொறந்தப்பவே கரண்டு போயிருந்துச்சாம்டி" என்று பதில் வரும். அவர்கள் சிரிப்பு என் அறை வரை கேட்கும். கதவைச் சாத்திக்கொள்வேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

பனமலை ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை வயிற்று வலி என்று கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர் வெளியூரிலிருந்து வர வேண்டும். அவர் வரப்போவதில்லை என்பது நிர்வாகத்துக்கு முன்னமே தெரிந்துவிட்டது. எனக்கும் தெரியும். குடும்பத்திடம் 'வந்துகொண்டிருக்கிறார்' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். பிற்பகலில் பெரியவரின் மகனுக்கு மருத்துவமனைக்கு உள்ளிருந்தே ஒரு போன் போனது. டாக்டர் வரமாட்டார், காத்திருக்காதீர்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று ஒரு பெண் குரல் சொன்னது. கொண்டுபோனார்கள். அங்கே ஆபரேஷன் நடந்து பெரியவர் பிழைத்தார்.

அவர் பிழைத்ததைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் யாரும் பேசவில்லை. போன் செய்தது யார் என்பதுதான் பேச்சு. போன் பிசியோதெரபி அறை எண்ணிலிருந்து போயிருந்தது. அந்த அறையோ பெயிண்ட் வேலைக்காகப் பூட்டிக் கிடந்தது, உள்ளே போனும் இல்லை. அந்த வகைப் போனை எங்கே கொண்டுபோய்ச் செருகினாலும் தன் பழைய எண்ணோடு வேலை செய்யும். யாரோ எடுத்துக்கொண்டுபோய் எங்கோ செருகியிருக்கிறார்கள்.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்குள்ள எனக்குப் பேர் வேணும்" என்றார்.

நான் கீழே இறங்கிப்போனேன். எப்போதும் அவரை என் அறைக்குத்தான் கூப்பிடுவேன். அன்று நானே போனேன். சிரித்த முகத்தோடு போனேன்.

"பிசியோ ரூம் போனைக் காணலம்மா. பெயிண்டருங்க தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்களோ என்னவோ. கணக்குக் காட்டணும். உன்னால கண்டுபிடிக்க முடியுமா?"

முடியுமா என்று கேட்டால் அவர் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தச் சொல்லைப் போட்டேன்.

"என்ன சார் இப்டி கேட்டுட்டீங்க? ஜல்தியா காட்டறேன் பாருங்க." மல்லாட்டைப் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டுத் திரையைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் கைகொட்டினார். "தொலையவும் இல்ல, ஒண்ணும் இல்ல. முகையூருக்குப் பக்கத்துல உக்காந்துகினு, நான்தான் பிசியோ ரூம் போனுன்னு சொல்லிக்கினே இருக்குது பாருங்க. இந்தத் துளை டயாலிசிஸ் நர்ஸ் மேசைக்குப் போவுது. அவங்க போனு ரெண்டு நாளா பேஜாரு பண்ணிக்கினு இருந்துச்சு, அதான் இத எடுத்து மாட்டிக்கிட்டாங்க போல. திட்டாதீங்க சார், வேற போனு குடுத்துட்டு இத வாங்கிக்கறேன்."

"சபாஷ்" என்றேன். முதுகில் தட்டாத குறை.

அந்த அழைப்பு போன வேளையில் அந்த மேசையில் இருந்தவர் அவருடைய தோழி மட்டும்தான். மறுநாள் நர்ஸை வேலையிலிருந்து நீக்கினார்கள். நீக்கும் கடிதத்தை நல்ல ஆங்கிலத்தில் எழுதித் தந்தவன் நான்.

மதியம் அவர் என் அறைக்கு வந்தார். பெயர் சொல்லவில்லை. எங்கிருந்து வருகிறேன் என்று சொல்லவில்லை. மேசைக்கு எதிரில் வந்து நின்றார்.

"போனு தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்க சார்."

"ஆமாம்மா. நிர்வாகம்னு வந்துட்டா சில விஷயங்கள எல்லார்கிட்டயும்..."

"தொலைஞ்சுதா இல்லையா சார்?"

நான் பேசினேன். நிறுவனத்தின் ஒழுங்கைப் பற்றியும், எனக்கு மேலே இருப்பவர்களைப் பற்றியும், தனிப்பட்ட முறையில் எனக்கு இதில் இருக்கும் வருத்தத்தைப் பற்றியும் பேசினேன். முப்பது ஆண்டு வகுப்பு எடுத்தவன் அல்லவா, தடங்கல் இல்லாமல் வந்தது. நான் முடிக்கும் வரை அவர் காத்திருந்தார்.

"நான் கேட்டது ஒண்ணுதான் சார்" என்றார்.

நான் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினேன். நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

தோழியைக் காட்டிக்கொடுத்தவர் என்று மருத்துவமனை முழுக்கப் பேச்சாகிவிட்டது. காண்டீனில் அவர் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. ஒரு வார்டு பையன், "பார்த்துப் பேசுங்கப்பா, சிஐடி வர்றாங்க" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அடுத்த மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் பொய் சொல்லிக் கேட்டேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எழுவாய், பயனிலை எல்லாம் மனசுக்குள் தயாராகவே இருந்தது. வாயைத் திறந்தேன். "சக்கரை கொஞ்சம் கம்மியா இருக்கே" என்று காண்டீன்காரரிடம் சொன்னேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே போன்கள் இருந்த எல்லாத் துளைகளிலும் 'நான் இன்னார்' என்ற அந்த அறிமுகப் பேச்சை அவர் நிறுத்திவிட்டார். அதன் பிறகு எந்தப் போன் எங்கே இருக்கிறது என்று எந்த சுவிட்சும் சொல்லாது. அந்தப் பேச்சை வைத்துத்தான் போன்கள் தங்களுக்கு வேண்டிய அமைப்பைத் தாமாகவே எடுத்துக்கொண்டிருந்தன. இனிமேல் ஒவ்வொரு போனுக்கும் அதைக் கையால் போட வேண்டும். இரண்டு ஊரிலும் ஒவ்வொரு மேசையாகப் போய் உட்கார்ந்து போட்டார். மருமகன் ஏன் என்று கேட்டதற்கு "பாதுகாப்புக்கு" என்று மட்டும் சொன்னாராம். ஏதாவது ஒரு போன் ஊமையாகிவிட்டால், கம்பியைக் கையால் தடவிக்கொண்டே வராந்தாவில் நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். என் அறைக்கும் அப்படி ஒரு நாள் வந்தார். கம்பி என் நாற்காலிக்குப் பின்னால் போயிற்று. நான் எழுந்து வழி விட்டேன். முடித்துவிட்டு, வந்த மாதிரியே கம்பியைப் பார்த்துக்கொண்டே வெளியே போனார்.

கொஞ்ச நாளில் வேலையை விட்டார். குயிலாப்பாளையம் பக்கத்தில் ஏதோ ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நானும் பின்னர் விலகி, திண்டிவனத்தில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரும் கேட்டதில்லை.

சென்ற மாதம் தலைசுற்றலாக இருக்கிறது என்று மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறிய கிளினிக்குக்குப் போனேன். டாக்டரைப் பார்க்கும் முன் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று உள்ளே அனுப்பினார்கள். மேசைக்குப் பின்னால் அந்த நர்ஸ் இருந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது.

"வாங்க சார். உக்காருங்க. கைய மேல வைங்க" என்றார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார் என்று முகத்தைப் பார்த்தே புரிந்தது.

"அம்மா, அன்னிக்கு விழுப்புரத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாதீங்க சார். பேசினா தப்பாக் காட்டும்."

பட்டையைச் சுற்றினார். அது கையை இறுக்கியது. நான் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தபோது அவர் பேசினார். முள்ளைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"அவ அன்னிக்கு சாயங்காலமே வூட்டுக்கு வந்தா சார். வாசல்ல நின்னுகினு பேரு சொன்னா. பைத்தியம், என்கிட்ட பேரு சொல்றா. 'உன் போனு எங்க இருக்குதுன்னு நான்தான்டி காட்டினேன். அத நானே சொல்லணும்னு வந்தேன்'ன்னா. ஏன்டி நீ காட்டினன்னு கேட்டேன். தெரிஞ்சுதான் காட்டினியான்னு கேட்டேன். 'கேட்டவரு இன்னா நெனச்சுகினு கேட்டாருன்னு அவருதான் சொல்லணும். நான் சொன்னா அது அடுத்த வூட்டுப் பேச்சு'ன்னுட்டா. எனக்குக் கோவம் வந்துடுச்சு. கதவ சாத்திட்டேன். அதோட சரி."

பட்டை தளர்ந்தது. காற்று இறங்கும் சத்தம் நின்றது.

நான் என் பெயரைச் சொன்னேன். விழுப்புரத்தில் நிர்வாக அதிகாரியாக இருந்தவன் என்று, அவருக்குத் தெரிந்ததையே, சொன்னேன். எதற்காகப் பேசுகிறேன் என்று சொன்னேன். "போன் தொலஞ்சுபோச்சுன்னு அவங்ககிட்ட நான் பொய் சொன்னேன். எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு வேற போன் குடுக்கறேன், திட்டாதீங்கன்னு என்கிட்ட கேட்டாங்க. உங்க வேலை போன அப்பறம்தான் அவங்களுக்கே தெரியும்."

நர்ஸ் பட்டையைக் கழற்றினார். சுருட்டி வைத்தார்.

"நூத்தி அறுவது இருக்குது. உப்பு கொறைங்க" என்றார்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து தன் செல்போனை எடுத்தார். விரலால் வெகுநேரம் தேடினார். அந்த எண்ணை அழிக்காமல்தான் வைத்திருந்தார் போலிருக்கிறது. காதில் வைத்தார். எனக்கும் கேட்டது. அந்தக் குரல் கொஞ்சமும் குறையவில்லை. எடுத்தவுடன் தன் பெயரைச் சொன்னது, குயிலாப்பாளையத்திலிருந்து பேசுகிறேன் என்றது, யாரு, இன்னா விஷயம் என்றது.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான்தான்டி" என்றார்.

 "எங்கடி இருக்க?" என்றது குரல். "அழுவுறியா? ஏன் அழுவுற? பக்கத்துல யாரு?"

நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் போனை வாங்கக் கையை லேசாகத் தூக்கினேன். பெயர், எங்கிருந்து, எதற்காக. மூன்றும் வாய்க்குள் தயாராக இருந்தன.

"யாருமில்லடி" என்றார் நர்ஸ். "ஒரு பேஷண்டு. பார்த்தாச்சு, கெளம்பிட்டாரு."

நான் இன்னும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.